‘பயிற்சியே இல்லாமல்’ என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவாவில் நடந்த அயர்ன்மேன் 70.3 டிரையத்லான் போட்டியை நம் பகுதி இளைஞர் ஒருவர் முடித்துத் திரும்பிய செய்தியைத் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் படித்தேன். கடலில் 1.9 கிலோமீட்டர் நீந்தி, கரையேறி 90 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டி, அதன் பிறகு 21.1 கிலோமீட்டர் ஓடி முடித்த ஒருவரைப் படத்தோடு வெளியிட்டதற்கு முதலில் நன்றி. கிரிக்கெட்டைத் தாண்டி இப்படிப்பட்ட விளையாட்டுக்கு இடம் கிடைப்பதே அரிது. அந்தத் தம்பிக்கு என் மனமார்ந்த பாராட்டு.

ஆனால் செய்தியில் இரண்டு வரிகள் என்னை உறுத்திக்கொண்டே இருக்கின்றன. முறையான பயிற்சி எதுவும் இல்லாமல் மன உறுதி ஒன்றையே துணையாகக் கொண்டு அவர் சாதித்தார் என்கிறது ஒரு வரி. கடலில் இறங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் நீச்சல் கற்றார் என்கிறது அடுத்த வரி. இரண்டையும் புகழ்ச்சியாகவே எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டு எங்கள் தெருவில் இரண்டு கல்லூரி மாணவர்கள் அடுத்த போட்டிக்குப் பணம் கட்டலாமா என்று என்னிடம் வந்து கேட்டார்கள். இருவருக்கும் தாமிரபரணியில் குறுக்குத்துறைப் படித்துறையிலிருந்து குதித்து அக்கரை தொடத் தெரியும். கடலுக்கு அது போதும் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைதான் இந்தக் கடிதத்தை எழுத வைக்கிறது.

நான் பாளையங்கோட்டையில் வசிக்கும் அஞ்சலக ஊழியர். வயது நாற்பத்தேழு. இரண்டு பிள்ளைகளின் தாய். அதே கோவா போட்டியை முதல் முறை எட்டு மணி நேரம் பதினோரு நிமிடத்தில் முடித்தேன். கட்-ஆஃப் நேரம், அதாவது முடித்தாக வேண்டிய கெடு, எட்டரை மணி நேரம். அண்மையில் முடித்தபோது ஏழு மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம் குறைவு. குறைந்தது 76 நிமிடம். அது எங்கெங்கே குறைந்தது என்று என்னால் கணக்குச் சொல்ல முடியும்: நீச்சலில் 12, உடை மாற்றும் இடங்களில் 4, சைக்கிளில் 28, ஓட்டத்தில் 32. இந்தக் கணக்கில் மன உறுதிக்கு வரவு எதுவும் இல்லை. முதல் முறையும் எனக்கு இதே அளவு மன உறுதி இருந்தது.

நீச்சலில் இருந்தே தொடங்குகிறேன். உயிர் போகிற இடம் அதுதான். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான் போட்டிகளில் நேர்ந்த மரணங்களையும், இதயம் நின்று மீட்கப்பட்ட நிகழ்வுகளையும் தொகுத்து மருத்துவர்கள் 2017-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மொத்தம் 135 பேர். அவர்களில் 90 பேருக்கு அது நீச்சலின்போது நேர்ந்தது. சைக்கிளில் விழுந்தோ, ஓடும்போது சுருண்டோ பாதிக்கப்பட்டவர்கள் அதைவிட மிகக் குறைவு. பெரும்பாலோர் ஆண்கள், சராசரி வயது 47-ஐ ஒட்டியது. முன் அனுபவம் பற்றிய விவரம் கிடைத்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களுக்கு அதுவே முதல் டிரையத்லான். உடற்கூறாய்வு செய்யப்பட்டவர்களில் 44 சதவீதத்தினருக்கு இதயத்திலோ ரத்தக் குழாய்களிலோ குறிப்பிடத்தக்க கோளாறு இருந்தது. இந்த ஒரு பத்தியை உங்கள் செய்திக்குக் கீழே பெட்டி கட்டிப் போட்டிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன்.

நீச்சலில் ஏன்? நூற்றுக்கணக்கானவர்கள் அடுத்தடுத்து நீரில் இறங்குகிறார்கள். கை, கால், முகம் என்று எங்கும் இடிபடுகிறது. சைக்கிளில் மூச்சு வாங்கினால் ஓரமாக நிறுத்தலாம், ஓடும்போது முடியாவிட்டால் நடக்கலாம். கடலில் நிற்கத் தரை கிடையாது. குளிர் நாடுகளில் நீந்துபவர்கள் அணியும் ரப்பர் உடை உடலை மிதக்க வைக்கும். நீரின் வெப்பம் 24.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் எங்களைப் போன்ற வயதுப் பிரிவுப் போட்டியாளர்கள் அதை அணிந்து பரிசுக்கு நீந்த முடியாது. நம் கடல்கள் பெரும்பாலும் அதைவிட வெதுவெதுப்பானவை. ஆகவே மிதப்பது முழுக்க நம் நுரையீரல் பாடு.

எனக்கு நீச்சல் சொல்லித் தந்தவர் தூத்துக்குடிக்காரர், பணி ஓய்வு பெற்ற பயிற்சியாளர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் அழைக்கிறோம். நான் சின்ன வயதிலேயே ஆற்றில் நீந்தியவள் என்று சொன்னதை அவர் கேட்டுக்கொண்டார். பிறகு குளத்தின் விளிம்பைப் பிடிக்கச் சொன்னார். முகத்தை நீருக்குள் வைத்து, மூச்சு முழுவதையும் மூக்கு வழியாகக் குமிழியாக விட வேண்டும். விட்டு முடித்த பிறகு தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் திருப்பி, வாயின் ஓரத்தால் காற்றை இழுக்க வேண்டும். அப்போதும் ஒரு காது தண்ணீருக்குள்தான் இருக்க வேண்டும். “காது நனைந்தபடியே இருக்கட்டும் தாயி” என்பார். வாரக்கணக்கில் இது மட்டும்தான். ஆற்றில் பழகியவர்கள் தலையை மேலே வைத்துக்கொண்டே நீந்துகிறோம். தலை உயர்ந்தால் இடுப்பு தாழும், இடுப்பு தாழ்ந்தால் கால்கள் நங்கூரமாக இழுக்கும். அதைச் சமாளிக்கக் காலை அடித்துக்கொண்டே இருப்போம். அந்தக் கால்கள்தான் அடுத்து 90 கிலோமீட்டர் மிதிக்க வேண்டியவை. மூச்சை வெளியே விடாமல் அடக்கிக்கொண்டு நீந்துபவருக்குத்தான் நடுக்கடலில் பதற்றம் வருகிறது என்பதையும் அவரிடம்தான் கற்றேன். நெஞ்சு அடைப்பதாகத் தோன்றினால் மல்லாந்து மிதந்து, முழுதாக மூச்சை வெளியே விட்டு, கையை உயர்த்திக் காவல் படகைக் கூப்பிட வேண்டும். படகைப் பிடித்துக்கொண்டு இளைப்பாற விதி அனுமதிக்கிறது. படகு நம்மை முன்னால் இழுத்துச் செல்லாத வரை அது தவறல்ல. இதை அறியாமலே பலர் கடலில் இறங்குகிறார்கள்.

குளத்தில் மூச்சு பிடிபட்ட பிறகே தூத்துக்குடிக் கடலுக்கு அழைத்துப் போனார். மன்னார் வளைகுடாவின் தீவுகள் அலையைத் தடுப்பதால் அங்கே கடல் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். அங்கும் ஒருவராக இறங்க விட மாட்டார். எல்லோர் இடுப்பிலும் நிறம் தெரியும் மிதவை கட்டியிருக்கும், கரையில் ஒருவர் எங்களை எண்ணிக்கொண்டே நிற்பார். சொறி என்று மீனவர்கள் சொல்லும் ஜெல்லி மீன் பட்டால் கத்தாமல் எப்படிக் கரைக்குத் திரும்புவது என்பது வரை அங்கேதான் பழகினோம். ஆறேழு கை வீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் நீருக்கு மேல் உயர்த்தி, பாதையைக் குறிக்கும் மிதவையைப் பார்த்துத் திசை சரி செய்ய வேண்டும். அதைச் செய்யாதவர் 1.9 கிலோமீட்டருக்குப் பதில் இரண்டே கால் நீந்துவார். என்னுடைய 12 நிமிடத்தில் பாதி இதில் கிடைத்ததுதான்.

சைக்கிளுக்கு நம் ஊரே நல்ல பள்ளி. நெல்லையிலிருந்து சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் போய்த் திரும்பினால் ஏறத்தாழ போட்டித் தூரம். இதை வாரந்தோறும் முழு வேகத்தில் மிதித்துத் தள்ளுவதுதான் பயிற்சி என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பகுதிப் பயிற்சி, பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில்தான் இருக்க வேண்டும். அந்த மெதுவான வேகத்தில்தான் தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன, கொழுப்பை எரித்து ஆற்றலாக்கும் திறன் கூடுகிறது. வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் மூச்சு முட்ட மிதித்தால் போதும். இதற்கு மாதங்கள் ஆகும். நூலகம் கட்டுவது போன்ற வேலை, அவசரப்பட்டு அலமாரியை நிரப்ப முடியாது.

காற்றையும் சொல்ல வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்த அம்மி பறக்கிற இடம் எங்களுக்கு வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பீறிட்டு வருவதால்தான் அங்கே அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அந்தச் சாலையில் தெற்கே போகும்போது, வேகத்தைக் காட்டும் கருவியைப் பார்த்தால் அழுகைதான் வரும். நான் வேகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு மூச்சையும் நாடித் துடிப்பையும் மட்டும் கவனிக்கப் பழகினேன். காற்று எதிர்த்தாலும் உதவினாலும் உழைப்பு ஒரே அளவு. போட்டியில் இது பெரிய துணை. முன்னால் போகும் சைக்கிளிலிருந்து 12 மீட்டர் தள்ளித்தான் போக வேண்டும் என்பது விதி. யாருடைய முதுகுக்குப் பின்னாலும் ஒளிய முடியாது, வீசுகிற காற்று முழுவதும் நம்முடையதே. (நான்குவழிச் சாலையின் ஓரத்தில் விடியுமுன் ஓட்டுபவர்கள் முன்னும் பின்னும் விளக்கும் ஒளிரும் சட்டையும் இல்லாமல் இறங்கவே கூடாது. லாரி ஓட்டுநரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர் கண்ணுக்கு நாம் தெரிய வேண்டும்.)

ஓட்டத்தில் 32 நிமிடம் குறைந்ததற்குக் காரணம் நான் அதிகம் ஓடியதல்ல. சைக்கிளில் அளவோடு மிதித்ததும், சைக்கிளில் இருக்கும்போதே சாப்பிட்டதும்தான். நம் தசையிலும் ஈரலிலும் சேமிப்பாக இருக்கும் மாவுச்சத்து ஏறத்தாழ அரைக் கிலோ. கடுமையாக உழைத்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்தபின் கால் நகராது. ஆகவே சைக்கிளில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக வேண்டும். பழகிய வயிறு 90 கிராம் வரை ஏற்கும். என் சைக்கிளில் ஒரு பாட்டிலில் உடன்குடிக் கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி, எலுமிச்சை பிழிந்து, உப்பைத் தூக்கலாகப் போட்டு வைத்திருப்பேன். சட்டையின் பின்பையில் வாழைப்பழமும், பட்டர் பேப்பரில் சுற்றிய சின்னச் சின்னப் புளிச்சாத உருண்டைகளும். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் எனக்குப் பிடிக்கும், ஆனால் வெயில் ஏறிய பிறகு அதை மென்று விழுங்க முடியாது, முதல் ஒரு மணி நேரத்துக்கு மட்டும்தான் அது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, பசித்தாலும் பசிக்காவிட்டாலும், ஒரு வாய். வயிற்றுக்கும் இது பழக்கம்தான். போட்டி நாளில் முதன்முறையாக ஒரு புதுப் பாக்கெட்டைப் பிரித்துத் தின்பவர் பாதி வழியில் வாந்தி எடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

தண்ணீரில் இன்னொரு ஆபத்து. வெயிலில் நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று எல்லோரும் சொல்கிறோம். உப்பில்லாமல் வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து மூளை வீங்கும். 2015-ல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் கடும் வெயிலில் நடந்த அயர்ன்மேன் போட்டியில் எல்லைக் கோட்டைத் தொட்ட ஓர் இளைஞர் இதனால்தான் இறந்தார். அவருக்கு மன உறுதி இல்லையென்று யாராவது சொல்ல முடியுமா? பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால், தனக்கு மணிக்கு எவ்வளவு வியர்க்கிறது என்று எவருக்கும் தெரிந்துவிடும். குறைந்த ஒரு கிலோ ஏறத்தாழ ஒரு லிட்டர். அதற்குத் தேவை வீட்டிலிருக்கும் எடை பார்க்கும் கருவி மட்டுமே.

அயர்ன்மேன் போட்டியின் பிறப்பிலேயே இந்தப் பாடம் இருக்கிறது. 1978-ல் ஹவாயின் ஓஹு தீவில் முதல் அயர்ன்மேன் நடந்தபோது புறப்பட்டவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம் என்ற முழுத் தூரம் அன்றிலிருந்து வருவது (கோவாவில் நடப்பது அதில் பாதி). ஓட்டத்தில் ஜான் டன்பார் என்ற போட்டியாளர் கடைசி வரை போராடினார். அவருடைய உதவியாளர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோய்விட்டது, பீரைக் கொடுத்தார்கள். அவர் தள்ளாடத் தொடங்கினார். கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடத்தில் வென்றார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1982 பிப்ரவரியில், முன்னணியில் வந்த ஜூலி மாஸ் என்ற மாணவி எல்லைக் கோட்டுக்குச் சற்று முன்னால் கால் மடங்கி விழுந்து, தவழ்ந்தே கோட்டைத் தொட்டார். அதற்குள் இன்னொருவர் அவரைக் கடந்துவிட்டார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்துத்தான் உலகம் இந்தப் போட்டியை அறிந்தது. அந்தப் பெண்ணின் துணிவை நான் வணங்குகிறேன். ஆனால் அந்தப் படத்தைக் காட்டி எழுதுகிறவர்கள், உடலில் எரிபொருளும் நீரும் வற்றிப்போனால் இருபத்து மூன்று வயதுக் கால்களும் நிற்காது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

பொறுமையாகப் பயிற்சி எடுத்தால் எதுவரை போகலாம் என்பதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஜப்பானின் ஹிரோமு இனாடா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நீச்சலுக்கு வந்தவர். ஹவாயில் நடந்த அயர்ன்மேன் உலகப் போட்டியில் 2015-ல் சில விநாடிகளில் நேரக் கெடுவைத் தவறவிட்டார். மறு ஆண்டு வந்து முடித்தார். 2018-ல் 85 வயதில் மீண்டும் முடித்தார். அமெரிக்காவின் நடாலி கிராபோ 59 வயதில்தான் நீச்சல் கற்றார். 2025-ல் 80 வயதில் அதே போட்டியை முடித்து, அங்கே முடித்த பெண்களில் மிக மூத்தவரானார். கற்றதற்கும் அந்த நாளுக்கும் இடையே இருபது ஆண்டுகள். சில வாரங்களில் நீச்சல் கற்று இறங்கியவரைப் பற்றி எழுதுகிற பேனா, இருபது ஆண்டு கற்றவரைப் பற்றியும் எழுதினால் எங்கள் தெரு மாணவர்களுக்கு எவ்வளவு நல்லது!

இனி என் கோரிக்கைகள். டிரையத்லான் முடித்தவரைப் பேட்டி காணும் உங்கள் நிருபர், நேரத்தையும் தூரத்தையும் கேட்பதோடு எத்தனை மாதம் நீந்தினீர்கள், யார் கற்றுத் தந்தார்கள், கடலில் முன்பே பழகினீர்களா, இதயப் பரிசோதனை செய்துகொண்டீர்களா, சைக்கிளில் என்ன சாப்பிட்டீர்கள் என்றும் கேட்கட்டும். வந்த பதிலை வெட்டாமல் போடுங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் இசிஜி, டிரெட்மில் பரிசோதனை செய்யாமல் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டாம் என்று ஒரு வரி சேருங்கள். கடைசியாக முடித்தவரையும் ஒருமுறை பேட்டி எடுங்கள். கெடு முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது வந்து சேர்பவரிடம் சொல்ல நிறைய இருக்கும்.

அதிகாரிகளுக்கும் ஒன்று உண்டு, அதையும் தங்கள் பக்கத்தின் வழியாகவே சொல்கிறேன். எங்கள் பக்கத்து நீச்சல் குளங்களில் பெண்களுக்கென்று ஒதுக்கும் நேரம் பெரும்பாலும் வேலைக்குப் போகிற பெண்ணால் வர முடியாத நேரம். காலை ஐந்தரை முதல் ஏழு வரை ஒரே ஒரு தடத்தையாவது கயிறு கட்டிப் பிரித்து, நிற்காமல் நீந்துபவர்களுக்கென்று விடலாம். அங்கே ஒரு பெண் உயிர்காவலர் இருந்தால் எத்தனை தாய்மார்கள் மகள்களையும் அழைத்துக்கொண்டு வருவார்கள்! குளத்தில் இடம் கிடைக்காதவர்கள்தான் நேராக ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறார்கள்.

எங்கள் தெரு மாணவர்கள் இருவரையும் அண்ணாச்சியிடம் சேர்த்திருக்கிறேன். அடுத்த போட்டிக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம், அதற்கடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று அவர் சொல்லிவிட்டார். ஒருவனுக்கு வருத்தம்தான். ஆனாலும் வருகிறான். கடல் நீச்சல் பாதுகாப்பைப் பற்றித் தங்கள் நாளிதழ் ஒரு முழுக் கட்டுரை வெளியிட விரும்பினால், தங்கள் நிருபரிடம் பேச அண்ணாச்சி சம்மதித்திருக்கிறார். கோடை விடுமுறை தொடங்குவதற்குள் அது வந்தால் நல்லது. பிள்ளைகள் நீரில் இறங்குவது அப்போதுதான்.

தங்கள் நீண்டநாள் வாசகி,
பாளையங்கோட்டை